டூப்ளிகேட் இல்லாத வீடு

கேள்வி: தீபாவளிப் பரிசு யாருக்கு எது வேண்டுமானாலும் ஆன்லைனில் பத்து நிமிஷத்தில் அனுப்பிவிடலாம். ஆனாலும் ஜனங்கள் மதுரை விளக்குத்தூண் நெரிசலில் மிதிபட்டுத்தான் வாங்குகிறார்கள். இன்னொரு பக்கம், தபால்தலை, தீப்பெட்டிப் படம் என்று சேர்க்கிற கூட்டம் தன்னிடம் இருக்கும் டூப்ளிகேட்டை எல்லாம் கவரில் போட்டு முகம் தெரியாதவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. இவர்களுக்கெல்லாம் வேறு வேலையே இல்லையா?
- ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: வேறு வேலை இருக்கிறவர்கள் என்ன வெட்டி முறித்தார்கள் என்பதை அப்புறம் பார்க்கலாம். 'டூப்ளிகேட்' என்று எழுதினீர்கள் பாருங்கள், அங்கேதான் மாட்டிக்கொண்டீர்கள்.

தீப்பெட்டிப் படக்காரர் ஒரே படத்தில் நாலைந்து வைத்திருந்தால் உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. சரி, ஒரு நாற்காலி போட்டு உங்கள் வீட்டுப் பரணை எட்டிப் பாருங்கள். கல்யாணத்துக்கு வந்த சுவர்க்கடிகாரங்கள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் அடுக்கியிருக்கும். பக்கத்தில் ஹாட்பாக்ஸ்கள். அதற்குப் பின்னால், இருட்டில், லெமன் செட். ஆறு கிளாஸ், ஒரு ஜக்கு. தமிழ்நாட்டில் லெமன் செட்டில் யாராவது லெமன் ஜூஸ் குடித்து நீங்கள் பார்த்ததுண்டா? அதன் பிறவிப் பயனே பயணம்தான். கிரகப்பிரவேசத்துக்கு வந்த செட் பரணில் ஒரு மழைக்காலம் ஓய்வெடுத்துவிட்டு, புதுத்தாள் சுற்றிக்கொண்டு மச்சினன் மகள் சடங்குக்குப் போகும். அங்கிருந்து திருநெல்வேலியில் ஒரு காதுகுத்து. காதுகுத்து வீட்டுக்காரரின் மேலதிகாரிக்கு மகள் கல்யாணம். அந்த மேலதிகாரியின் சம்சாரம் உங்கள் சம்சாரத்துக்குச் சித்தி முறை. அடுத்த தீபாவளிக்கு லெமன் செட் உங்கள் வீட்டுக்கே திரும்பிவிடும், ஒரு கிளாஸ் குறைவாக. வந்த வழியில் யாரோ டப்பாவைத் திறந்து பார்க்காமலே தாள் மாற்றியிருந்தால், 'என்றும் அன்புடன்' என்று உங்கள் கையெழுத்திலேயே உள்ளே ஒரு சீட்டும் இருக்கும். கொண்டுவந்தவரிடம் என்ன முகத்தைக் காட்டுவீர்கள் என்பது உங்கள் பாடு.

எவர்சில்வர் காலத்தில் இந்த வம்பு இல்லை. பாத்திரக்கடை வாசலில் ஸ்டூல் போட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். கையில் பேர் வெட்டுகிற மெஷின். துண்டுச்சீட்டில் நாம் எழுதிக் கொடுத்ததை ஒரே தடவைதான் பார்ப்பார். தூக்குவாளியை மடியில் சாய்த்துக்கொண்டு முனையை வைத்தால் கிர்ரென்ற சத்தத்தோடு புள்ளி புள்ளியாக எழுத்து விழும். மேலே 'அன்பளிப்பு', கீழே கொடுப்பவர் பேர், ஊர், தேதி. கட்டைவிரலால் ஒரு தடவு தடவி, தூளை ஊதிவிட்டுக் கையில் கொடுப்பார். சீட்டில் ர, ற தகராறு இருந்தால் தீர்ந்தது, கருப்பையா கறுப்பையாவாகிப் பேரன் காலம் வரைக்கும் அப்படியே இருப்பார். ஆனால் பேர் வெட்டிய வாளியை எவரும் எவர் தலையிலும் கட்ட முடியாது. பேர் வெட்டாமல் கொடுக்க ஆரம்பித்த நாளில்தான் நம் பரிசுகளுக்குக் கால் முளைத்தது என்பது என் கட்சி. இதை எழுதும்போதெல்லாம் பழமைவாதி என்று எனக்குக் கடிதம் வரும். வரட்டும்.

இப்போது உங்கள் 'வேறு வேலை இல்லாதவர்கள்'. இவர்கள் கடிதத்தில் நலம் விசாரித்த கையோடு இரண்டு பட்டியல் இருக்கும். என்னிடம் இல்லாதவை இவை, கூடுதலாக இருப்பவை இவை. 'இல்லை' என்பதை இவ்வளவு கூச்சமில்லாமல் எழுதிக் கொடுக்கிற கூட்டத்தை நான் வேறு எங்கேயும் பார்த்ததில்லை. நம் அத்தையிடம் போய், "தீபாவளிக்கு என்ன வேணும்?" என்று கேட்டுப் பாருங்கள். "எனக்கு எதுக்குய்யா, இருக்கறதே போதும்" என்பார். நம்பி, பச்சையில் ஒரு சேலை எடுத்துக்கொண்டு போனால், "இவ்வளவு காசைப் போட்டு எதுக்கு?" என்று வாங்கிக்கொள்வார். மறுநாள் பக்கத்து வீட்டில், "எனக்கு அரக்குன்னா உசுருன்னு அவனுக்குத் தெரியாதா?" இந்தக் குடும்பத்துக்குப் பரிசு வாங்குவதைவிட, பட்டியல் போட்டுக் கேட்கிற செக் நாட்டுக்காரருக்குத் தீப்பெட்டிப் படம் அனுப்புவது எவ்வளவோ நிம்மதி. அவரிடம் இல்லாதது உங்களிடம் இரண்டு இருக்கிறது. உங்களுக்குச் செலவு கவரும் தபால்தலையும்தான், அவர் வீட்டிலோ அன்று தீபாவளி.

தமிழன் கூச்சப்படாமல் வாய்விட்டுக் கேட்கிற பரிசு ஒன்றே ஒன்று உண்டு, தினசரி காலண்டர். டிசம்பர் பாதியிலேயே மளிகைக்கடையில், "அண்ணாச்சி, காலண்டர் வரலையா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். வருஷம் முழுக்கக் கால் கிலோ பருப்புகூட வாங்காதவர்தான் முதல் ஆளாக நிற்பார். நகைக்கடைக் காலண்டர் ஹாலுக்கு, மளிகைக்கடைக் காலண்டர் அடுப்பங்கரைக்கு, ராகுகாலம் பார்க்க. இது பற்றி முன்பு எழுதியபோது ஒரு கடைக்காரர் என்னை வாழ்த்தினார், பல வாசகர்கள் வைதார்கள். என் கருத்தில் மாற்றமில்லை.

அப்புறம் அந்தப் பத்து நிமிஷம். அத்தை பட்டியல் தர மாட்டார் என்று ஆகிவிட்டது, பிறகு பத்து நிமிஷத்தில் எதைத் தேடுவீர்கள்? 'அத்தைக்குப் பரிசு' என்று தட்டினால் உங்களுக்கும் எனக்கும் ஒரே கைப்பையைத்தான் காட்டுவான். விளக்குத்தூண் பக்கம், மாசி வீதிகளில், தீபாவளிக்கு முந்தின ராத்திரி விடிய விடிய வியாபாரம் நடக்கும். சேலை எடுக்கத்தான் போயிருப்பீர்கள். வழியில் பிளாட்பாரத்தில் பித்தளைச் சாமான் விரித்திருக்கிறவனிடம் முறுக்கு உழக்கு ஒன்று கண்ணில் படும். போன வருஷம் தேன்குழல் பிழியும்போது அத்தை உழக்கின் கைப்பிடியில் துணி சுற்றிப் பிழிந்தது சட்டென்று ஞாபகம் வரும். சுற்றின துணி உங்கள் பழைய கைக்குட்டை. அத்தை ஒரு நாளும் எழுதித் தராத பட்டியலில் ஓர் அயிட்டம் கிடைத்துவிட்டது. அதற்காகத்தான் ஐயா மிதிபடுகிறார்கள். நேரம் ஏற ஏற விலை இறங்கும் என்று முழித்துக் காத்திருந்து வாங்குகிற சூரர்கள் தனி ரகம். அவர்களுக்குச் சாமான் இரண்டாம்பட்சம். 'எழுநூறு சொன்னான், முந்நூறுக்கு முடித்தேன்' என்று பொங்கல் வரைக்கும் சொல்லிக்கொண்டிருக்க ஒரு கதை வேண்டும்.

முகம் தெரியாதவர்களுக்கு அனுப்புவதும் உங்களுக்கு உறுத்துகிறது. போஸ்ட்கிராசிங் என்று ஒன்று, 2005-இல் போர்ச்சுகல் இளைஞர் ஒருவர் ஆரம்பித்தது. பதிவு செய்துகொண்டு கேட்டால் உலகத்தில் எங்கோ இருக்கிற ஒருவரின் முகவரியும் ஓர் எண்ணும் தருவார்கள். எண்ணை எழுதிப் படம் போட்ட தபால் அட்டை ஒன்று போட வேண்டும். அது போய்ச் சேர்ந்து அவர் எண்ணைப் பதிந்தால் உங்கள் முகவரி வேறொருவருக்குப் போகும். நீங்கள் போட்டது ஒருவருக்கு, உங்களுக்கு வருவது இன்னொருவரிடமிருந்து. மொய் நோட்டை மூன்று தலைமுறையாகப் பாதுகாக்கிற நமக்கு இது புரியக் கொஞ்சம் கஷ்டம்தான். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாதம் மொய் விருந்து வைக்கிறவர்களிடம், 'செய்தவருக்குத் திருப்பிச் செய்ய வேண்டாம், வேறு யாராவது உங்களுக்குச் செய்வார்கள்' என்று சொல்லிப் பாருங்கள். கறிச்சோறு பாதியில் எழுப்பிவிடுவார்கள்.

எல்லாம் போகட்டும். நீங்கள் எந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு தீப்பெட்டிப் படத்தைக் கேலி செய்கிறீர்கள்? கோவில்பட்டியில்! இந்தியாவின் அடுப்பையும் பீடியையும் பற்றவைத்த ஊர்களில் அது ஒன்று. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். அதற்கு முன் ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த பெட்டிகளில் நம் சாமி படங்களையே போட்டு நமக்கு விற்றார்கள். லட்சுமியும் கிருஷ்ணரும் கப்பலில் வந்து இறங்கின காலம். அந்தப் படங்களை இன்று ஐரோப்பாவில் ஆல்பத்தில் வைத்துக் காப்பாற்றுகிறவர்கள் உங்கள் கணக்கில் வேறு வேலை இல்லாதவர்கள். பிறகு சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி என்று சிறுசிறு ஆலைகள் ஆளுக்கொரு மார்க் போட்டன. ஒரு மார்க் ஓடினால் அதே சாயலில் இன்னொன்று. சேர்ப்பவர்களுக்கு அதுதான் கொண்டாட்டம். இரண்டு டூப்ளிகேட் என்று நீங்கள் தூக்கிப் போடுவதை அவர் லென்ஸ் வைத்துப் பார்த்து, ஒன்றில் கப்பல் இடப்பக்கம் போகிறது, ஒன்றில் வலப்பக்கம் போகிறது என்பார்.

இந்தப் பொருளுக்கு நாம் கொடுத்த மரியாதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ரூபாய்க்கு விற்ற தீப்பெட்டி 14 வருஷம் விலை ஏறாமல் கிடந்து, 2021 டிசம்பர் 1-ஆம் தேதிதான் இரண்டு ரூபாயானது. அன்று எத்தனை அங்கலாய்ப்பு! பத்து ரூபாய் டீ பதினைந்தானபோது மூச்சு விடாதவர்கள்கூடத் தீப்பெட்டிக்குப் பொருளாதாரம் பேசினார்கள்.

பண்டிகைக்கு உங்கள் ஊரிலிருந்து அனுப்ப ஆசைப்பட்டால் கடலைமிட்டாய் இருக்கிறது. 2020-இல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டது. வழியில் உடைந்தாலும் ருசி போகாது. உடைவது என்றதும் ஞாபகம் வருகிறது. மனைவி செய்த மைசூர்பாகைச் சுத்தியலால் உடைக்கிற ஜோக்கைத் தீபாவளி மலருக்கு வருஷா வருஷம் அனுப்புகிற அன்பர்களே, போதும். இந்த ஆபீசில் டூப்ளிகேட் என்றால் அதுதான். ஒரு மாறுதலுக்கு மாமனார் சுத்தியல் வாங்கிக் கொடுப்பதாக ஒருவர் எழுதியிருந்தார். அதையும் போடவில்லை.

தபாலுக்கு வருவோம். 2025-இல் பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். டென்மார்க்கில் அஞ்சல் நிறுவனம் அதே வருஷக் கடைசியோடு கடித விநியோகத்தையே நிறுத்திவிட்டது. 1624-இல் தொடங்கின சேவை. வேடிக்கை என்னவென்றால், கழற்றின சிவப்புத் தபால்பெட்டிகளை விற்பனைக்கு வைத்ததும் ஜனங்கள் முண்டியடித்து வாங்கினார்கள். கடிதம் போட ஆளில்லாத ஊரில் பெட்டிக்கு மட்டும் அடிதடி. நம் ஊரில் அந்த நிலை வராமல் கொஞ்ச நாள் தள்ளிப்போட்டுக்கொண்டிருப்பவர்களில் இந்தச் சேர்ப்புக்காரர்களும் உண்டு. கவுன்ட்டரில் போய், "ஸ்டிக்கர் வேண்டாம் சார், தபால்தலையே ஒட்டிக்கிறேன். அந்த மல்லிகை வாசனைத் தலை இருக்கா?" என்று கேட்டுப் பின்னால் நிற்கிற வரிசையின் சாபத்தையும் வாங்குகிறவர்கள் இவர்கள்தான். மல்லிகை வந்தது 2008-இல். அதற்கு முன் 2006-இல் சந்தனம், 2007-இல் ரோஜா. 2017-இல் காபிக்கும் ஒரு வாசனைத் தலை போட்டார்கள், விலை 100 ரூபாய். பேனாவால் கிறுக்காமல் முத்திரையை வட்டமாக, ஊர்ப்பேரும் தேதியும் தெரிகிற மாதிரி போட்டுத் தருகிற ஊழியர் கிடைத்துவிட்டால் அவருக்குத் தீபாவளி ஸ்வீட் நிச்சயம்.

உங்களுக்கும் வழி சொல்லிவிடுகிறேன். உங்கள் தெருவில் யார் வீட்டுப் பழைய பெட்டியிலாவது மரப்பட்டைத் தீப்பெட்டி கிடக்கும். தண்ணீரில் ஊறப் போட்டால் பசை விட்டுப் படம் மிதந்து வரும். இழுக்கக் கூடாது, கிழியும். செய்தித்தாளுக்கு நடுவே வைத்து மேலே கனமாக எதையாவது ஏற்றுங்கள். அட்டைப்பெட்டி என்றால் ஓரத்தைப் பிரித்துத் தட்டையாக்கினால் போதும். எனக்கு வேண்டியவை: மரப்பட்டைக் காலத்துப் படங்கள், எந்த ஆலையானாலும் சரி. என்னிடம் கூடுதலாக இருப்பவை: சீட்டா ஃபைட் மார்க் தீப்பெட்டிப் படம் மூன்று, காபித் தபால்தலை ஒரு ஜோடி. வாசனைக்கு உத்தரவாதம் இல்லை. பெட்டியை முழுசாக அனுப்பிவிடாதீர்கள், தீப்பற்றும் பொருளுக்குத் தபாலில் தடை இருக்கிறது. குச்சிகளை அடுப்பங்கரையில் கொடுத்துவிட்டுப் படத்தை மட்டும் கவரில் போடுங்கள்.