வாசகர் கேள்வி – பதில்: டெம்ப்ஸ்டர் சாலையில் ஆர்க்டிக் கடல் வரை

கேள்வி: ஜூன் மாதத் தொடக்கத்தில் குடும்பத்துடன் கனடாவின் வைட்ஹார்ஸ் நகருக்கு விமானத்தில் சென்று, அங்கே கார் வாடகைக்கு எடுத்து, டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை வழியாக ஆர்க்டிக் கடலோரத்து டக்டோயாக்டக் வரை போய்வர எண்ணியுள்ளோம். நாளொன்றுக்கு 700 கிலோமீட்டர் வீதம் போக இரண்டு நாள், வர இரண்டு நாள், இடையில் ஒரு நாள் ஓய்வு. இந்தக் கணக்கு சரிவருமா?

பதில்: சரிவராது. தூரத்தில் பெரிய தவறில்லை. சாலையைத்தான் நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை. டாசன் சிட்டிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் கிழக்கே, கிளாண்டைக் நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து இனுவிக் வரை செல்லும் (அங்கிருந்து டக்டோயாக்டக்குக்கு வேறு சாலை) டெம்ப்ஸ்டர், 700 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் சரளைச் சாலை. அடியில் இருப்பது ஆண்டு முழுவதும் உறைந்த நிலம் என்பதால், சாலையின் சூடு அதை உருக்கிவிடாதபடி தடிமனான சரளைப் படுகை போட்டு, அதன்மேல்தான் பாதையை அமைத்திருக்கிறார்கள். அப்படியும் ஆங்காங்கே நிலம் இளகிச் சாலை அமிழ்கிறது. மழை பெய்தால் மேற்பரப்பு வழுக்கும் சேறாகிவிடுகிறது. எனவே டெம்ப்ஸ்டருக்கு மட்டும் போக இரண்டு நாள், வர இரண்டு நாள் என்று வைத்துக்கொண்டு, அதற்கு மேல் இரண்டு நாட்களை எந்தத் திட்டமும் இல்லாமல் கையிருப்பாக விட்டுவையுங்கள்.

அந்தக் கையிருப்பு ஆறுகளுக்காக. வழியில் பீல், மெக்கென்சி ஆகிய இரண்டு ஆறுகளுக்கும் பாலம் கிடையாது. கோடையில் வாகனங்களைப் படகு ஏற்றிச் செல்கிறது. குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மீதே வண்டிகள் ஓடுகின்றன. பனி உடைந்து ஓடும் வசந்தத்திலும், ஆறு உறையத் தொடங்கும் இலையுதிர் காலத்திலும் சில வாரங்களுக்கு இரண்டுமே இல்லை. ஜூன் தொடக்கம் இந்த இடைவெளியை ஒட்டியே வருகிறது. படகு ஓடத் தொடங்கிய பிறகும் வெள்ளத்தாலும், அடித்துவரப்படும் மரங்களாலும் அது நிறுத்தப்படுவதுண்டு. ஆகவே பயணத்தை ஜூன் இறுதிக்குத் தள்ளுவது நல்லது. என்னைக் கேட்டால் ஆகஸ்ட் கடைசி வாரத்தையே சொல்வேன்: நள்ளிரவுச் சூரியன் கிடைக்காது, ஆனால் கொசுத் தொல்லை வெகுவாகக் குறைந்திருக்கும், மரமற்ற மலைச்சரிவுகள் முழுவதும் செந்நிறமாக மாறியிருக்கும்.

அவசரப்படுகிறவர்கள் இந்தச் சாலையின் பெயர்க் காரணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1910 குளிர்காலத்தில் ஃபோர்ட் மெக்பெர்சனிலிருந்து டாசனுக்குப் புறப்பட்ட நான்கு பேர் கொண்ட காவல் அணி, விரைவாகப் போய்ச்சேரும் எண்ணத்தில் உணவைக் குறைத்துக்கொண்டு கிளம்பி, வழி தவறி, திரும்பும் முயற்சியில் மாண்டது. 1911இல் அவர்களைத் தேடிச் சென்று உடல்களைக் கண்டெடுத்தவர் டெம்ப்ஸ்டர் என்ற காவலர்.

கேள்வி: வாடகைக் காரில் போகலாமா? பெட்ரோலும் டயரும் எப்படி?

பதில்: முதலில் ஒப்பந்தத்தை வரி விடாமல் படியுங்கள். சரளைச் சாலையில் ஓட்டக்கூடாது என்று பல நிறுவனங்கள் நிபந்தனை வைக்கின்றன. அதை மீறினால் காப்பீடு செல்லாது. டெம்ப்ஸ்டரை வெளிப்படையாக அனுமதிக்கும் வண்டியாகத் தேடி எடுங்கள், வாடகை கூடினாலும் பரவாயில்லை.

கிளாண்டைக் நெடுஞ்சாலையிலிருந்து டெம்ப்ஸ்டர் பிரியும் சந்திப்பிலிருந்து 369ஆவது கிலோமீட்டரில் உள்ள ஈகிள் பிளெயின்ஸ் வரை நடுவில் பெட்ரோல் கிடையாது. டாசன் சிட்டியில் நிரப்பிவிட்டுப் புறப்பட்டால் அதுவரை 400 கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடும். சரளையில் எரிபொருள் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் செலவாகும். அதன்பின் ஃபோர்ட் மெக்பெர்சனிலும் இனுவிக்கிலும் கிடைக்கும். டேங்க் பாதி இருக்கிறதே என்று எந்த இடத்தையும் தாண்டிப் போகாதீர்கள்.

டயர்தான் உண்மையான சோதனை. சாலையில் பரப்பியுள்ள கல் துண்டுகளின் விளிம்பு கூர்மையானது. பல கார்களில் தரும் மெலிந்த ஸ்டெப்னி அவசரத்துக்குச் சற்று தூரம் ஓடுமே தவிர, இந்தச் சரளையில் நம்பத் தக்கதல்ல. முழு அளவு ஸ்டெப்னி ஒன்று கட்டாயம், இரண்டு இருந்தால் நிம்மதி. புறப்படும் முன் ஜாக்கி சரியாக ஏறுகிறதா, சக்கர நட்டுகள் உங்கள் கையால் கழல்கின்றனவா என்று ஒருமுறை செய்தே பாருங்கள். எதிரே லாரி வந்தால் வேகத்தைக் குறையுங்கள். ஆனால் சாலையின் ஓரத்துக்கு முழுவதும் ஒதுங்காதீர்கள், அந்த விளிம்பு மென்மையானது, வண்டியைச் சரிவுக்குள் இழுத்துவிடும். நிற்கும் இடமெல்லாம் பின்விளக்குகளைத் துடையுங்கள். சேறு காய்ந்து அப்பிக்கொண்டால் பின்னால் வருபவருக்கு உங்கள் பிரேக் விளக்கு தெரியாது.

கேள்வி: வழியில் கைபேசி வேலை செய்யுமா?

பதில்: ஃபோர்ட் மெக்பெர்சன், இனுவிக் போன்ற ஊர்களில் செய்யும், இடையே நெடுந்தூரத்துக்குச் சிக்னல் இருக்காது. செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி ஒன்றை வாடகைக்காவது எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நாளில் எந்த ஊரைச் சேர்வீர்கள், எத்தனை மணி நேரம் தாமதமானால் உதவி கேட்க வேண்டும் என்பதை வீட்டிலிருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு, சாலை, படகு நிலவரத்தை டாசன் சிட்டியிலேயே விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள்.