புனைபெயர் காப்பாற்றுமா?

கேள்வி: டெல்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் உதவிப் பிரிவு அலுவலராக இருக்கிறேன். கணவர், மகன், மாமனாரோடு ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறோம். சில வருடங்களாகப் புனைபெயரில் ஃபேஸ்புக்கில் எழுதுகிறேன். அரசியல், சாமி, கோர்ட் தீர்ப்பு, புதுப்படம் என்று எதைப் பற்றியும் மனதில் பட்டதை எழுதிவிடுவேன். ஓட்டுப் போட்ட அன்று எழுதியதை யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து அலுவலக வாட்ஸ்ஆப் குழுவில் போட்டு, "இது நம்ம மேடம்தானே?" என்று கேட்டுவிட்டார்கள். கணக்கையே மூடு என்கிறார் கணவர். கிருத்திகை விரதம் பற்றி நான் எழுதியதைப் படித்ததிலிருந்து மாமனார் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. புனைபெயரில் எழுதினாலும் தப்பா? இனி சினிமாவோடு நிறுத்திக்கொள்ளட்டுமா?
(பெயர் வேண்டாம், புது டெல்லி)

பதில்: அன்புச் சகோதரி, நீங்கள் அனுப்பிய பதிவுகளைப் படித்தேன். நன்றாக எழுதுகிறீர்கள். எழுதத் தெரிந்தவர் என்பதால்தான் இவ்வளவு சுலபமாக மாட்டிக்கொண்டீர்கள். ஒரு பதிவில் காலையில் மதர் டெய்ரி பூத்தில் பாத்திரத்தோடு டோக்கன் பால் வாங்கியது. இன்னொன்றில் பையனின் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழா. மூன்றாவதில் கேன்டீன் சமோசாவும் 'செக்‌ஷன்' வம்பும். டெல்லியில் இருக்கிற தமிழ்க் கூட்டத்தில் இது போதாதா உங்களைக் கண்டுபிடிக்க? ஸ்கிரீன்ஷாட் போட்ட ஆளைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. மத்தியக் குடிமைப் பணிகள் நடத்தை விதிகள் 1964-இல் 9-ஆம் விதியை எடுத்துப் படித்துப் பாருங்கள். மத்திய அரசோ மாநில அரசோ இப்போது எடுத்திருக்கும் அல்லது சமீபத்தில் எடுத்த கொள்கையையும் நடவடிக்கையையும் பாதகமாக விமர்சிக்கக் கூடாது என்கிறது அது. சொந்தப் பெயரில் எழுதினாலும், பெயரே போடாமல் எழுதினாலும், புனைபெயரில் எழுதினாலும், அடுத்தவர் பெயரில் எழுதினாலும் ஒன்றுதான் என்று அந்த விதியிலேயே வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். ஃபேஸ்புக் பிறப்பதற்கு நாற்பது வருடம் முன்பே உங்களைப் போன்றவர்களை யாரோ யோசித்து வைத்திருக்கிறார்கள்! ஆக, புனைபெயர் உங்களுக்குக் கவசம் இல்லை. அது இருக்கிற தைரியத்தில் கூடுதலாக நாலு வரி எழுதிவிடுகிறோம் என்பதுதான் அதனால் வந்த பலன்.

ஓட்டு விஷயம் 5-ஆம் விதியில் வருகிறது. அரசு ஊழியர் ஓட்டுப் போடலாம். யாருக்குப் போடப் போகிறேன், யாருக்குப் போட்டேன் என்று கோடி காட்டக்கூட அனுமதி இல்லை. வண்டியிலோ வீட்டிலோ தேர்தல் சின்னத்தை ஒட்டி வைத்தாலே செல்வாக்கைப் பயன்படுத்தியதாகிவிடும். மை வைத்த விரலை நீங்கள் படம் பிடித்துப் போட்டதில் ஒரு குற்றமும் கிடையாது. பாதி டெல்லி அன்றைக்கு அதைத்தான் செய்தது. படத்துக்குக் கீழே எழுதிய இரண்டு வரிதான் வினை. கட்சிப் பெயரைச் சொல்லவில்லையே என்று வாதாடிப் பார்க்கலாம். ஆனால் அதைப் படிக்கும் எந்தத் தமிழனுக்கும் அது எந்தக் கட்சி என்று புரியும்.

இந்த விதி நியாயமா என்று கேட்டால், எனக்குப் பிடிக்காத விதி இது. ரொம்ப அகலமான வலை. டீக்கடையில் பேசிவிட்டுப் போகிற பேச்செல்லாம் இன்று போனில் எழுத்தாகிவிடுகிறது, எழுத்தானதும் விதிக்குள் வந்துவிடுகிறது. அரசு வேலையில் சேர்ந்ததால் அடிப்படை உரிமைகள் போய்விடுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1962-லேயே, பீகார் அரசு ஊழியர்கள் தொடுத்த வழக்கில் சொல்லிவிட்டது. திரிபுராவில் மீன்வளத் துறை ஊழியர் ஒருவரை, அரசியல் கூட்டத்துக்குப் போனார், ஃபேஸ்புக்கில் எழுதினார் என்று ஓய்வு பெறச் சில நாட்கள் இருக்கும்போது சஸ்பெண்ட் செய்தார்கள். 2020-இல் அந்த மாநில உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் அந்த அம்மாள் அதற்காக எத்தனை நாள் கோர்ட்டுக்கு அலைந்திருப்பார் என்பதையும் யோசியுங்கள். நடத்தை விதிகளின் கட்டுப்பாடு உண்டு என்பதையும் அதே தீர்ப்பு சொல்கிறது. விதியை மாற்றச் சொல்லிச் சங்கம் மூலமாகப் போராடுங்கள், நானும் கைதட்டுகிறேன். ராத்திரி பதினோரு மணிக்கு ஃபேஸ்புக்கில் போராட வேண்டாம்.

தீர்ப்புகளைப் பற்றி எழுதுகிறீர்களே, அதில் எனக்குப் பெரிய ஆட்சேபணை இல்லை. முடிந்துபோன வழக்கின் தீர்ப்பை நியாயமான முறையில் விமர்சிப்பது அவமதிப்பு ஆகாது என்று 1971-ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டமே சொல்கிறது. டிவியில் கீழே ஓடும் வரியை வைத்து எழுதாமல், தீர்ப்பைப் படித்துவிட்டு எழுதுங்கள். அரசின் திட்டம் ஒன்றைப் பற்றிய தீர்ப்பாக இருந்தால் மறுபடியும் 9-ஆம் விதி குறுக்கே வரும். அதை மட்டும் தொடாதீர்கள்.

சாமி விஷயத்துக்கு வருவோம். சட்டப்படி பார்த்தால் நீங்கள் எழுதியதில் ஒன்றுமே இல்லை. மத உணர்வைப் புண்படுத்தும் குற்றம் முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 295ஏ, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 299-ஆம் பிரிவு. வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு செய்திருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. கிருத்திகை விரதம் இருந்துவிட்டு, உங்கள் ஆர்.கே.புரம் முருகன் கோயிலான மலை மந்திரில் படியேறி இறங்கும் பெரியவர், வீட்டுக்கு வந்ததும் எத்தனை தட்டு ஜவ்வரிசி உப்புமா சாப்பிடுகிறார் என்று எண்ணி எழுதுவது அந்தக் குற்றத்தில் சேராது. சட்டம் உங்களை விட்டுவிடும், மாமனார் விடமாட்டார். அவர் பேசாமல் இருப்பதற்குக் காரணம் பக்தி என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டுக்குள் அவர் சாப்பிடும் தட்டு ஊர் சிரிக்கும்படி ஆகிவிட்டதே என்ற வருத்தம்தான் அது. நூற்றுச் சொச்சம் பேர் அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறார்கள், பார்த்தேன். அந்தப் பதிவை எடுத்துவிட்டு, எடுத்துவிட்டேன் என்று அவரிடம் நேரில் சொல்லுங்கள். கணவரைத் தூது அனுப்பாதீர்கள். மதத்தைப் பற்றி உங்களுக்குக் கருத்து இருந்தால், உங்கள் விரதத்தை, உங்கள் சந்தேகத்தை எழுதுங்களேன்.

சினிமா தாராளமாக எழுதலாம். கலை, இலக்கிய எழுத்துக்கு அந்த விதிகளே இடம் கொடுக்கின்றன. ஆனால் எழுத்து, வீடியோ மூலமாக மாதாமாதம் பணம் வர ஆரம்பித்தால் முதலில் அலுவலகத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். நட்சத்திர ரசிகர்கள் வசைபாட வருவார்கள், அதற்கு எந்த விதியிலும் மருந்து கிடையாது. 'இவை என் சொந்தக் கருத்துகள், அரசின் கருத்துகள் அல்ல' என்று பக்கத்தின் மேலேயே ஒரு வரி போட்டுவிடுங்கள். அந்த வரி இருக்கிறதே என்று மறுபடியும் அரசியல் எழுதப் போய்விடாதீர்கள்.

கணவர் சொல்வது போல் கணக்கை மூடவும் வேண்டாம். பரவிய படம் அதனால் திரும்பி வரப்போவதில்லை, பயந்து ஓடியது போலத்தான் தெரியும். அலுவலகக் குழுவில் அந்தக் கேள்விக்கு இதுவரை நீங்கள் வாய் திறக்காதது நல்லது. நான் இல்லை என்று பொய் மட்டும் சொல்லிவிடாதீர்கள், எழுதிய இரண்டு வரியை விட அந்தப் பொய்தான் பிறகு உங்களைக் கடிக்கும். மெமோ வந்தால், மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தில் ஊழியர் வழக்குகள் நடத்தும் வக்கீல் ஒருவரிடம் காட்டிவிட்டு, கெடு முடிவதற்குள் சுருக்கமாகப் பதில் கொடுங்கள். வராத மெமோவுக்கு நீங்களாக முந்திக்கொண்டு விளக்கக் கடிதம் எதுவும் எழுதிக் கொடுக்காதீர்கள்.