நீலகிரி வகைப் போர்க்கப்பல்கள்: வெல்டிங் ஆய்வாளர் பதில் சொல்கிறார்

முப்பத்தொரு ஆண்டுகள் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டிங் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நம் கடற்படைக்காக 17ஏ திட்டத்தில் கட்டப்படும் ஏழு நீலகிரி வகை ஃபிரிகேட்டுகளை (நடுத்தர அளவுப் போர்க்கப்பல்களை)ப் பற்றிக் கேளுங்கள். எஃகு, வெல்டிங், கட்டும் முறை என்றால் விரிவாகச் சொல்வேன். ரேடாரும் ஏவுகணையும் என் துறை அல்ல. இந்த ஏழில் எதிலும் நான் வேலை செய்ததில்லை. அரசு வெளியிட்ட தகவலும் என் தொழில் அனுபவமும்தான் கையில் இருக்கின்றன.

விழுப்புரம் வாசகர்: ஏழும் எவை? யார் கட்டுகிறார்கள்?

மும்பை மசகான் டாக் கப்பல் தளத்தில் நான்கு: நீலகிரி, உதயகிரி, தாராகிரி, மகேந்திரகிரி. கொல்கத்தா கார்டன் ரீச் தளத்தில் மூன்று: ஹிம்கிரி, துனாகிரி, விந்தியகிரி. நீளம் 149 மீட்டர், எடை சுமார் 6,670 டன், வேகம் 28 நாட் (மணிக்குச் சுமார் 52 கிலோமீட்டர்). நீலகிரி 2025 ஜனவரி 15 அன்று மும்பையில் கடற்படையில் சேர்ந்தது. உதயகிரியும் ஹிம்கிரியும் அதே ஆண்டு ஆகஸ்டு 26 அன்று விசாகப்பட்டினத்தில் ஒன்றாகச் சேர்ந்தன.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கப்பலை நீரில் இறக்குவது வேறு, கடற்படையில் சேர்ப்பது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு யாரும் வராதீர்கள்.

கடலூர் வாசகர்: ஒரு கப்பலில் பிரம்மோஸ் ஏவுகணை எத்தனை?

எட்டு.

நெல்லைக்காரன்: மகேந்திரகிரி என்றால் எங்கள் பக்கத்து மலைதானே, இஸ்ரோ ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் இடம்?

ஆசை புரிகிறது, ஆனால் இல்லை. அந்தப் பெயர் ஒடிசாவில் கிழக்குத் தொடர்ச்சி மலையில் உள்ள சிகரத்துடையது. விந்தியகிரியும் இப்படித்தான் ஏமாற்றும். அது விந்திய மலை அல்ல, கர்நாடகத்து மலை. நீலகிரி மட்டும் சந்தேகமில்லாமல் நம்முடையது.

மதுரை செல்வி: போர்க்கப்பலுக்கென்று தனி எஃகு உண்டாமே? சாதாரண இரும்புத் தகட்டை வைத்துக் கட்டினால் என்ன?

இதற்காகத்தான் அம்மா காத்திருந்தேன். இந்தக் கப்பல்களின் உடலுக்கு டிஎம்ஆர் 249ஏ என்ற எஃகைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஹைதராபாத்தில் உள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம் உருவாக்கியது, அரசு எஃகு நிறுவனமான செயிலின் ஆலைகளில் உருட்டியது. உதயகிரிக்கும் ஹிம்கிரிக்கும் சேர்த்து சுமார் 8,000 டன் கொடுத்ததாக செயில் அறிவித்திருக்கிறது. இதற்கு முன் இந்த ரகத் தகட்டுக்கு ரஷ்யாவை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தோம். தகடு வரவில்லை என்றால் வேலையும் நகராது.

சாதாரண எஃகும் வலுவானதுதான். ஆனால் அருகில் குண்டு வெடித்து அதிர்ச்சி தாக்கும்போது தகடு கண்ணாடி போல நொறுங்கக் கூடாது. நெளியலாம், கிழியவும் செய்யலாம், சில்லுச் சில்லாக உடையக் கூடாது. அந்தக் குணத்தை எஃகுக்குள் கொண்டுவருவது ஒரு பாதி வேலை. அதை வெல்டிங்கில் கெடுக்காமல் காப்பது மறு பாதி.

கெடுப்பது எது தெரியுமா? ஈரம். வெல்டிங் குச்சியின் மேல்பூச்சு காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். பற்றவைக்கும்போது அந்த ஈரம் ஹைட்ரஜனாகப் பிரிந்து உருகிய உலோகத்துக்குள் புகுந்துகொள்ளும். இணைப்பு பார்க்க அழகாக இருக்கும். ஒரு நாள், இரண்டு நாள் கழித்து உள்ளுக்குள் விரிசல் விடும். அதனால்தான் குச்சிகளைச் சூட்டடுப்பில் வைத்திருந்து, வேண்டிய அளவு மட்டும் எடுத்துப் போகச் சொல்வோம். முக்கியமான இணைப்புகளை 48 மணி நேரம் கழித்துத்தான் சோதிப்போம். நான் வேலை செய்த தளத்தில் (பெயர் வேண்டாம்) ஒரு மழைக்காலத்தில், இரவு ஷிப்டில் வெளியே கிடந்த குச்சிக் கட்டை யாரோ எடுத்துப் பயன்படுத்திவிட்டார்கள். ஒன்பது மீட்டர் இணைப்பைச் செதுக்கி எடுத்து மறுபடி போட்டோம். குச்சியை நனைய விடாதீர்கள். வீட்டுக் கேட்டுக்கு வெல்டிங் வைப்பவருக்கும் இதையேதான் சொல்வேன்.

தஞ்சை வாசகர்: நீலகிரியை 2019இலேயே முடித்துவிட்டார்களே, பிறகு ஏன் 2025 வரை காத்திருந்தார்கள்?

மேலே சொன்னதைப் படிக்கவில்லை. 2019 செப்டம்பர் 28 அன்று அதை நீரில் இறக்கினார்கள், அவ்வளவுதான். இறங்கியது பெரும்பாலும் கூடுதான். எஞ்சினை நேர்ப்படுத்துவது, குழாய், கேபிள், ஆயுதம், கடல் சோதனை எல்லாம் அதற்குப் பிறகு. கடற்படையிடம் ஒப்படைத்தது 2024 டிசம்பர் 20. கிட்டத்தட்ட 63 மாதம். நடுவில் கொரோனாவும் வந்துபோனது.

அதே தளத்தில் உதயகிரி இறங்கியது 2022 மே 17, ஒப்படைத்தது 2025 ஜூலை 1. வெறும் 37 மாதம். முதல் கப்பலில் கண்ட தவறெல்லாம் இரண்டாவதற்குப் பாடம். இன்னொரு காரணம் கட்டும் முறை. முன்பு உடல் முழுவதையும் கட்டி முடித்து, அதில் துளை போட்டுக் குழாயை நுழைப்போம். குனிந்தும் படுத்தும் வெல்டிங் வைத்தே என் முதுகு போயிற்று. இப்போது கப்பலைப் பெரிய துண்டுகளாகக் கட்டி, குழாய்களையும் கேபிள் பாதைகளையும் துண்டுக்குள்ளேயே பொருத்திவிட்டுப் பிறகு இணைக்கிறார்கள். துண்டுகளின் விளிம்பு ஒன்றோடொன்று சில மில்லிமீட்டர் பிசகாமல் பொருந்த வேண்டும். வெல்டிங் சூட்டில் தகடு சுருங்கும் என்பதையும் கணக்கில் வைத்துத்தான் வெட்டுவார்கள்.

சேலம் வாசகர்: எஞ்சின் அமெரிக்காவுடையது, ரேடார் இஸ்ரேலுடையது. இரும்பை ஒட்டியது மட்டும் நாம். இதற்குப் பெயர் சுதேசியா?

ஒட்டுவது எளிது என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. மேலே செல்விக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பட்டுக்கோட்டை வாசகர்: சேலத்தாருக்கு நாட்டுப்பற்று இல்லை. கப்பல் முழுக்க முழுக்க உள்நாட்டுத் தயாரிப்பு.

அதுவும் தவறு. அரசே 75 சதவீதம் என்றுதான் சொல்கிறது, நீங்கள் ஏன் நூறாக்குகிறீர்கள்? எல்.எம். 2500 கேஸ் டர்பைன் ஜெனரல் எலக்ட்ரிக்கின் வடிவமைப்பு, பெங்களூரில் உள்ள அரசு நிறுவனம் எச்.ஏ.எல். அதைக் கோத்துத் தருகிறது. பிரம்மோஸ் ரஷ்யாவோடு சேர்ந்து செய்தது. பராக் 8 ஏவுகணை இஸ்ரேலோடு. இதைச் சொன்னால் தேசத்துரோகம் ஆகிவிடாது.

சேலம் வாசகர்: அப்படியானால் நான் சொன்னதுதானே சரி?

பாதிதான் சரி. இதே மசகான் டாக்கில் கட்டப்பட்ட இன்னொரு நீலகிரி 1972இல் கடற்படையில் சேர்ந்தது. அது பிரிட்டனின் லியாண்டர் வகை. கட்டியது நாம், வரைபடம் அவர்களுடையது. இப்போது வரைபடம் கடற்படையின் சொந்தப் போர்க்கப்பல் வடிவமைப்புப் பிரிவுடையது. அவர்கள் வடிவமைத்த நூறாவது கப்பல் உதயகிரி. வரைபடம் நம்முடையது என்றால் நாளை ஓர் ஏவுகணையையோ ரேடாரையோ மாற்ற யாரிடமும் கையேந்த வேண்டாம். வெளிநாட்டு எஞ்சினைப் பொருத்தினாலும் கப்பல் நம் கப்பல். அதற்காக எஞ்சின் நம்முடையது ஆகிவிடாது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல ஏன் இருவருக்கும் வாய் வரவில்லை?

பட்டுக்கோட்டை வாசகர்: எஞ்சினையும் நாமே செய்தால் போயிற்று.

செய்யாமல் இல்லை. போர் விமானத்துக்காக நாம் உருவாக்கிய காவேரி எஞ்சினின் கப்பல் வடிவத்தை விசாகப்பட்டினத்தில் சோதித்தார்கள். அது 12 மெகாவாட். எல்.எம். 2500 இருபதைத் தாண்டும். கொதிக்கும் வாயுவில் ஆயிரக்கணக்கான மணி நேரம் சுழலும் டர்பைன் இதழை வார்ப்பது தனி வித்தை, கைவர ஒரு தலைமுறை ஆகும். இந்தச் சண்டை இத்தோடு போதும்.

நாகர்கோவில் வாசகர்: பிரம்மோஸ் எத்தனை என்று சொல்லவில்லையே?

சொன்னேன். எட்டு.

ஈரோடு வாசகர்: ரேடாரின் தூரம் எவ்வளவு?

என் துறை அல்ல. தெரிந்தவர்கள் இங்கே எழுதவும் மாட்டார்கள். பொதுவாகவே சொல்கிறேன்: தளத்தில் வேலை செய்யும் பிள்ளைகள் வாயிலுக்குள் எடுத்த படத்தை எங்கும் போடாதீர்கள். வேலையும் போகும், வழக்கும் வரும்.

கும்பகோணம் வாசகர்: டீசலும் டர்பைனும் சேர்ந்து ஓடுமா?

இல்லை. கப்பலைத் தள்ளும் விசிறியைச் சுழற்றும் ஒவ்வொரு தண்டுக்கும் ஒரு டீசல், ஒரு டர்பைன். நிதானமாகப் போக டீசல், விரட்ட டர்பைன். ஒரு நேரத்தில் ஒன்றுதான்.

திருச்சி வாசகர்: மகேந்திரகிரி திருநெல்வேலி மலைதானே?

ஒடிசா.

காரைக்கால் வாசகர்: போர்க்கப்பல் படங்களில் பக்கத் தகடு அலை அலையாகத் தெரிகிறது. மட்டமான வேலையா?

நல்ல கண் உங்களுக்கு. எடையைக் குறைக்கத் தகட்டை மெல்லியதாக வைக்கிறார்கள். உட்புறம் விறைப்புச் சட்டங்களை வெல்டிங் செய்யும்போது, ஆறிச் சுருங்கும் இணைப்பு தகட்டை உள்ளே இழுக்கும். வெயில் சாய்வாக விழுந்தால் பட்டினி மாட்டின் விலா போல எல்லாம் தெரியும். அளவுக்குள் இருந்தால் வலுவுக்குக் குறையில்லை. நடுவிலிருந்து இருபுறமும் சமமாக, விட்டு விட்டு வெல்டிங் வைத்தால் குறைக்கலாம். அவசரக்காரர் ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை ஒரே மூச்சாக இழுத்துவிடுவார். எந்த இடத்தில் எந்த ஷிப்டு வேலை செய்தது என்று நான் அந்த அலையைப் பார்த்தே சொல்லியிருக்கிறேன்.

சிவகாசி வாசகர்: ஐயா, பிரம்மோஸ்…

எட்டு. கடையைக் கட்டுகிறேன்.