ஒன்பது மணி அப்பாயின்ட்மென்ட், இரண்டு மணிக்கு டாக்டர்

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, ரொம்ப நாளாக சுகர். வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் காலை 9 மணிக்கு அப்பாயின்ட்மென்ட், டாக்டரைப் பார்த்தது 2 மணிக்கு. காலையில் ரத்தம் கொடுத்த பிறகும், கூப்பிட்டுவிடுவார்களோ என்று சாப்பிடாமலேயே உட்கார்ந்திருந்தார். வேர்த்துக் கொட்டி கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. சண்டை போட்டால் அடுத்த முறை கவனிக்க மாட்டார்களோ என்றும் பயம். என்ன செய்யலாம்? – வாசகி, குடியாத்தம்

பதில்: சண்டையை அப்புறம் பார்ப்போம் அம்மா, முதலில் அந்தக் கை நடுக்கம். அது பெரும்பாலும் சுகர் இறங்கியதன் அறிகுறி. இன்சுலினோ சில வகை சுகர் மாத்திரைகளோ எடுப்பவர் மதியம் வரை பட்டினி கிடப்பது ஆபத்து. வெறும் வயிற்று ரத்தம் கொடுத்து முடித்ததும் உடனே சாப்பிட வைத்துவிடுங்கள், சாப்பிட ஆரம்பித்த நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டால் போதும், இரண்டாவது ரத்தம் அதிலிருந்து 2 மணி நேரம் கழித்துத்தான். மூன்று மாத சுகரைச் சொல்லும் ஹெச்பிஏ1சி டெஸ்டுக்குப் பட்டினியே தேவையில்லை. காலை மாத்திரையை ரத்தம் கொடுக்கும் முன்பா பின்பா போடுவது என்பதை டாக்டரிடம் ஒருமுறை கேட்டு சீட்டிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். பையில் இட்லிப் பொட்டலமும் கொஞ்சம் சர்க்கரையும் எப்போதும் இருக்கட்டும். மறுபடி நடுங்கினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், கால் மணி நேரத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு முறை. கையோடு சிஸ்டரிடமும் சொல்லுங்கள், சுகர் இறங்கியவரை வரிசையில் உட்கார வைக்க மாட்டார்கள். நினைவு தப்புகிற மாதிரி இருந்தால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

இனி அந்த ஐந்து மணி நேரம். 9 மணி என்று உங்கள் சீட்டில் இருப்பது இன்னும் பலர் சீட்டிலும் இருக்கும், டாக்டர் வார்டு பார்த்துவிட்டுத்தான் ஓ.பி.க்கு வருவார், நடுவில் ஒரு அவசர கேஸ் வந்தால் எல்லாம் தள்ளிப்போகும். வட ஆற்காடு முழுக்கவும், சித்தூர் பக்கமிருந்தும், வங்காளத்திலிருந்தும் ஜனம் வந்து இறங்குகிற ஊர் வேலூர், கூட்டம் குறையப் போவதில்லை. ஆனால் எவ்வளவு நேரமாகும் என்று சொல்லாமல் வயதானவரை உட்கார வைப்பது தப்பு, அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. போனதும் ஃபைல் வாங்குகிறவரிடம் 'இப்போது எத்தனையாவது நம்பர் போகுது?' என்று கேளுங்கள். சாப்பிடப் போகும்போது சொல்லிவிட்டுப் போங்கள், கூப்பிட்டபோது ஆள் இல்லையென்றால் ஃபைல் அடியில் போய்விடும், அதனால் துணைக்கு இன்னொருவர் வந்தால் நல்லது.

மாத்திரை வாங்குவதற்காக மட்டும் மாதாமாதம் வேலூருக்கு அலைகிறீர்களா? வேண்டாம். 2021 முதல் நடக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர், பிபி மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள், டாக்டர் சம்மதித்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போனால் போதும். குடியாத்தம் லேபிலேயே இரண்டு நாள் முன்னால் ரத்தம் கொடுத்து ரிசல்ட்டோடு வரலாமா என்றும் கேட்டுவிடுங்கள்.

சண்டை வேண்டாம், வாசலில் நிற்கிற சிஸ்டர் இந்த நேரத்தை முடிவு செய்யவில்லை. வந்த நேரம், கூப்பிட்ட நேரம், அப்பாவுக்கு என்ன ஆனது, மூன்றையும் ஒரு தாளில் எழுதி ஆஸ்பத்திரி நிர்வாகத்திடம் கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்து கேளுங்கள். அரசு ஆஸ்பத்திரி என்றால் 104க்கும் போன் செய்து சொல்லலாம்.