மேகத்தை யார் பார்ப்பது?

அன்புள்ள ஐயா,

மொட்டைமாடியில் நகரும் கூரையுடன் ஒரு சிறிய வானாய்வுக் கூடம் வைத்திருக்கிறேன். வேலை காரணமாக வாரத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பதால் தொலைநோக்கியைக் கைபேசி வழியாகவே இயக்குகிறேன். மேகத்தை அறிய ஓர் அகச்சிவப்பு சென்சார் உண்டு. குளிர்காலத்தில் தெளிந்த வானத்துக்கும் தரைக் காற்றுக்கும் 30 டிகிரி வித்தியாசம் காட்டியது. இப்போது நட்சத்திரங்கள் நன்றாகத் தெரியும் இரவிலும் 17, 18 டிகிரிதான் காட்டுகிறது. சென்சார் கெட்டுவிட்டதா? அதைக் கழற்றிவிட்டு முழுவானக் கேமராவை மட்டும் வைத்துக்கொண்டால் போதாதா?

ச.

அன்புள்ள ச.,

கெடவில்லை. அது மேகத்தைப் பார்ப்பதே இல்லை. மேலிருந்து வரும் வெப்பக் கதிர்களை அளக்கிறது, அவ்வளவுதான். ஏறத்தாழ 8 முதல் 14 மைக்ரான் அலைநீளத்தில் உலர்ந்த வளிமண்டலம் மிகக் குறைவாகவே கதிர்வீசும். அதனால் தெளிந்த வானம் சென்சாருக்கு உறைகுளிராகத் தெரிகிறது. தாழ்வான மேகம் வந்தால் அதன் அடிப்பரப்பின் வெப்பம் தெரிந்து, வித்தியாசம் சுருங்குகிறது. ஆனால் காற்றில் இருக்கும் நீராவியும் இதே அலைநீளங்களில் கதிர்வீசுகிறது. புழுக்கமான இரவில் ஒரு துண்டு மேகம்கூட இல்லாமலே வித்தியாசம் குறைவது அதனால்தான். இத்தனை டிகிரி வித்தியாசம் இருந்தால்தான் கூரை திறக்கும் என்று குளிர்காலத்தில் வைத்த எல்லையைக் கோடையிலும் வைத்திருந்தால், நல்ல இரவுகளில் கூரை திறக்கவே திறக்காது. எல்லையை ஈரப்பதத்தோடு சேர்த்து மாற்றுங்கள். ஒரு மாத அளவுகளைக் கேமராப் படங்களுடன் ஒப்பிட்டாலே உங்கள் வானத்தின் கணக்கு பிடிபட்டுவிடும்.

மழைக்குப் பயந்து சென்சாரின் மேல் கண்ணாடி மூடி எதுவும் போட்டிருக்கிறீர்களா? போட்டிருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிர்களை விடாது. நீங்கள் கண்ணாடியின் சூட்டைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள். மெல்லிய பாலித்தீன் தாள் பரவாயில்லை. பலரும் வாங்கும் எம்எல்எக்ஸ்90614 சென்சாரின் அடிப்படை வகை 90 டிகிரி அகலத்துக்குப் பார்க்கும். பக்கத்தில் வெயிலில் காய்ந்த சுவர் இருந்தால் அதையும் வானத்தோடு சேர்த்துக்கொள்ளும்.

கீற்று மேகங்களிடம் இந்த சென்சார் ஏமாந்துபோகும். அவை மிக உயரத்தில், பனிப்படிகங்களாக, குளிர்ந்து கிடப்பவை. அங்கேதான் கேமரா வேண்டும். மீன்விழி லென்ஸ், ராஸ்பெரி பை என்ற ஒரு சிறு கணினி, மேலே அக்ரிலிக் குமிழ், குமிழில் பனி படியாமலிருக்க சிறிது சூடு: இவ்வளவு போதும். நட்சத்திரங்களை எண்ணும் நிரல் இருந்தால் மெல்லிய படலத்தையும் கண்டுபிடித்துவிடும். செயற்கைக்கோள் படத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஜப்பானின் வானிலைச் செயற்கைக்கோளான ஹிமாவாரி 10 நிமிடத்துக்கு ஒருமுறை தன் பார்வையிலுள்ள முழுவட்டத்தையும் எடுக்கிறது. அகச்சிவப்பில் ஒரு புள்ளி என்பது சுமார் 2 கிலோமீட்டர். இரவுத் திட்டம் போட அருமையான துணை. உங்கள் தலைக்கு மேல் திடீரென்று திரளும் மழைமேகத்துக்கு அதை நம்ப முடியாது.

கேமரா மட்டும் போதுமா என்று கேட்டீர்கள். எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒருமுறை வெளியூரில் இருந்தபடி படத்தைப் பார்த்தேன். துல்லியமான வானம், கிழக்கே ஓரியன் விண்மீன் கூட்டம். நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தேன். அதே தெளிவு, அதே ஓரியன், அதே இடத்தில்! வானம் நகராமல் நின்றிருந்தால் நான் வரலாற்றில் இடம்பெற்றிருப்பேன். உண்மையில் நின்றுபோனது இணைப்புதான். அதற்குள் தொலைநோக்கி நனைந்துவிட்டது.

அன்றிலிருந்து ஒவ்வோர் அளவிலும் நேரத்தைப் பொறிக்கிறேன். 3 நிமிடத்துக்கு மேல் பழசான எந்த அளவும் என் கணக்கில் மழைதான். அதைவிட முக்கியம், மூடும் முடிவு கூடத்திலேயே, அங்கிருக்கும் கணினியிலேயே எடுக்கப்பட வேண்டும். இணையம் அறுந்தால், சென்சார் பதில் தராவிட்டால், மின்சாரம் போய் யுபிஎஸ் கைகொடுக்கும் நிலை வந்தால், கூரை தானாக மூட வேண்டும். கைபேசியில் நீங்கள் வேடிக்கை பார்க்கலாம், காவல் காக்க முடியாது. மூடுவது உடனே, திறப்பதற்கு வானம் தொடர்ந்து 20 நிமிடமாவது தெளிவாக இருக்கட்டும். இல்லையென்றால் சிதறிய மேகங்கள் உள்ள இரவில் கூரை முன்னும் பின்னும் ஓடியே மோட்டார் தேய்ந்துவிடும்.

மழை சென்சார் தனியாக வேண்டும், கூரையை மூடும் ரிலேயோடு, அதாவது மின்சுவிட்சோடு, நேரடியாக இணைத்து. மேகக் கணக்கு பொய்த்தாலும் முதல் துளி பொய்க்காது. ஈரப்பதமானியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காற்றின் வெப்பநிலை பனி படியும் வெப்பநிலைக்கு 2 டிகிரி அருகில் வந்துவிட்டால், மேகமே இல்லாவிட்டாலும் அன்றைய வேலை முடிந்தது.

இதையெல்லாம் ஒரு பகல் பொழுதில், நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு சோதியுங்கள். இணைய வயரைப் பிடுங்குங்கள். மழை சென்சார் மேல் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். சென்சாரின் வயரைக் கழற்றுங்கள். ஒவ்வொரு முறையும் கூரை மூடுகிறதா என்று பாருங்கள். அதற்கு முன் தொலைநோக்கியைக் கிடைநிலையில் படுக்கவைத்துவிடுங்கள், படுத்துவிட்டதை உறுதிசெய்யும் சுவிட்ச் இல்லாமல் கூரை நகரவே கூடாது. மழையில் நனைந்த தொலைநோக்கிக் குழாயை உலர்த்திவிடலாம். கூரை இடித்த குழாயை நான் இதுவரை நேராக்கியதில்லை.