வலிப்புக்கு மருந்து தொடங்கியாயிற்று, இனி?

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. இரண்டு தடவை வலிப்பு வந்தது. போன மாதம்தான் குளிசை தொடங்கினார்கள். முற்றாக நின்றுவிடுமா, டொக்டர்?
- ஒரு தாய், உப்புவெளி

பதில்: நிற்பதற்கே வாய்ப்பு அதிகம், அம்மா. ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் புதிதாக மருந்து தொடங்கிய 1,795 பேரைப் பற்றிய ஆய்வு 2018இல் வெளியானது. அவர்களில் ஏறத்தாழ 64 சதவீதத்தினர் ஓராண்டுக்குக் குறையாமல் வலிப்பின்றி இருந்தார்கள். மொத்தப் பேரில் பாதிப் பேருக்கு முதல் மருந்திலேயே நின்றுவிட்டது.

மருந்து தொடங்குமுன் எத்தனை தடவை வலிப்பு வந்தது என்பதை முதலில் பார்ப்பேன். தடவை கூடினால் கட்டுப்படுத்துவது கடினமாகும். உங்கள் மகனுக்கு இரண்டுதான். தலையில் பழைய காயம், ஸ்கேனில் தெரியும் தழும்பு, உடன்பிறந்தோருக்கோ பெற்றோருக்கோ வலிப்பு, போதைப்பொருள் பழக்கம், மனச்சோர்வு ஆகியவையும் கணக்கில் வரும். இவற்றுள் பல நம் கையில் இல்லை. குளிசை நம் கையில் இருக்கிறது. மருந்து கேட்கவில்லை என்று வந்த ஒருவரின் பையை என் மேசையில் கொட்டச் சொன்னேன். மூன்று கிளினிக்குகளில் கொடுத்த குளிசை அட்டைகள், ஒன்றும் உடைபடாமல் விழுந்தன. அந்த மருந்துக்குச் சந்தர்ப்பமே கிடைக்கவில்லை. மகனின் இராக் குளிசையைச் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

கேள்வி: கடற்றொழில் செய்யும் என் கணவருக்கு ஒரே ஒரு தடவை வலிப்பு வந்தது. ஸ்கேனும் ஈஈஜியும் (மூளை மின்னலைப் பதிவு) சுகம். மருந்து தரவில்லை. தாமதித்தால் கெடுதியா?
- கிண்ணியா வாசகி

பதில்: அவர் நிலையில் பொறுத்திருப்பதில் தவறில்லை. 2005இல் வெளியான பெரிய ஆய்வொன்றில் உடனே தொடங்கியவர்களுக்கு ஆரம்பத்தில் வலிப்பு குறைந்தது. ஆனால் ஐந்தாண்டுக் கடைசியில் இரு பிரிவுகளும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன: வலிப்பின்றி இருந்தவர்கள், உடனே தொடங்கியோரில் 76 சதவீதம், பொறுத்திருந்தோரில் 77 சதவீதம். இன்னொரு தடவை வந்தால் உடனே வாருங்கள். அதுவரை வள்ளத்தில் தனியே போக விடாதீர்கள். கடலில் வரும் வலிப்பு உயிரையே கொண்டுபோய்விடும். இராத்தூக்கம் கெடுவதும் வலிப்பைத் தூண்டும். தொழில் நேரத்தை மாற்றச் சொல்வது எளிதல்ல என்று தெரியும், இருந்தும் சொல்கிறேன்.

கேள்வி: வலிப்பு வரும்போது கையில் இரும்புத் திறப்பு கொடுக்கலாமா?
- தம்பலகாமம்

பதில்: வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடுங்கள்.

கேள்வி: தம்பிக்கு இரண்டு மருந்து மாற்றியும் நிற்கவில்லை. இப்போது மூன்றாவது. அவன் யாருடனும் பேசுவதுகூட இல்லை.
- ஓர் அக்கா, மூதூர்

பதில்: இந்தக் கடிதம்தான் என்னை உறுத்தியது. அதே கிளாஸ்கோ ஆய்வில் இரண்டாம் மருந்தால் கூடுதலாகப் பலன் பெற்றவர்கள் 100 பேரில் சுமார் 12, மூன்றாவதால் 4 பேர் மட்டுமே. பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் ஒழுங்காகப் போட்டும் நிற்காவிட்டால், 2010இலிருந்து உலகெங்கும் அதை மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு என்கிறோம். நான்காவது, ஐந்தாவது என்று வருடங்களைக் கடத்த வேண்டாம். கொழும்பில் நரம்பியல் நிபுணரிடம் காட்டும்படி கடிதம் கேளுங்கள். இது உண்மையிலேயே வலிப்பு நோய்தானா, சத்திரசிகிச்சை பொருந்துமா என்று அங்கே பார்ப்பார்கள். வலிப்பைப் படம்பிடித்த கைபேசிக் காணொளி இருந்தால் கொண்டு போங்கள்.

அவன் பேசாமல் இருப்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். மனச்சோர்வு வலிப்போடு கூடவே வரும் நோய். அதற்கும் மருந்து இருக்கிறது.