பேப்பர்ல தாத்தா பேர்ல மரணசாசன வழக்கு நோட்டீஸ் வந்திருக்கு, என்ன செய்யணும்?

பயப்படாதீங்க, ஆனா சும்மாவும் விட்றாதீங்க. மரணசாசன வழக்குன்னா, இறந்துபோன தாத்தாவோட சொத்த நிர்வகிக்க யாரோ ஒருத்தர் மாவட்ட நீதிமன்றத்துல அனுமதி கேட்டிருக்காங்கன்னு அர்த்தம், ஆட்சேபனை இருக்கிறவங்க வந்து சொல்லத்தான் அத பேப்பர்ல போடுறது. நோட்டீஸ்ல வழக்கு நம்பர், மனுதாரர் பேர், திகதி இருக்கும், அத போட்டோ எடுத்து வச்சிக்கிட்டு திகதிக்கு முன்னாடியே ஒரு சட்டத்தரணிய பாருங்க. காசு இல்லன்னா சட்ட உதவி ஆணைக்குழு இருக்கு, வருமானம் குறைஞ்சவங்களுக்கு உதவுவாங்க, தயவுசெஞ்சு கூச்சப்படாம போங்க.

நம்ம இலங்கை மலையகத்துல லயம், அதாவது தொழிலாளர் இருக்கிற வரிசை வீடு, பெரும்பாலும் தோட்டத்துக்குத்தான் சொந்தம், அதனால வழக்குல வர்றது அனேகமா டவுன்ல வாங்கின காணி, பேங்க் காசு இதுகள்தான். இ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசுக்கு தாத்தா யாரையாச்சும் நியமிச்சிருந்தா அவங்களே நேரா கேக்கலாம்.

இன்னொன்னு, பிறப்புச் சான்றிதழ்ல ஒரு பேரு, அடையாள அட்டைல இன்னொரு பேருன்னு நம்ம ஆளுங்கள்ல எத்தன பேர் கஷ்டப்படுறாங்க, அப்படி இருந்தா நீங்கதான் பேரப்பிள்ளைன்னு நிரூபிக்கவே இழுபடும். பேப்பர்ல பேர் மாற்ற விளம்பரம் போட்டா மட்டும் சான்றிதழ்ல பேர் மாறாது, பிரதேச செயலகத்துல பதிவாளர் பிரிவுல விண்ணப்பிக்கணும், அத இன்னைக்கே ஆரம்பிங்க.